காது எட்டுச்சா?

தங்கச்சி மகளுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. வர்ற ஜூன்ல எல்.கே.ஜி. போகணும். லீவுக்கு அருப்புக்கோட்டை போனப்ப வீடே பரபரன்னு இருந்துச்சு. தங்கச்சி செல்போன்ல ஒரு பட்டியல் வச்சிருந்தா. யாரோ அனுப்பினதாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்படுத்துவது எப்படி? டிபன் பாக்ஸைத் தானாத் திறக்கப் பழக்குங்கள், ஷூவைத் தானா மாட்டப் பழக்குங்கள், பாத்ரூம் வந்தா சொல்லப் பழக்குங்கள், ராத்திரி 9 மணிக்குள்ள தூங்க வையுங்கள், பத்து நிமிஷம் ஒரே இடத்துல உக்காரப் பழக்குங்கள். இப்படிப் போகுது அது. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாம் நல்ல யோசனைதான்.

தங்கச்சி ஒவ்வொண்ணா வாசிக்க வாசிக்க அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. அவளுக்குக் காது எட்டுதா?"

தங்கச்சிக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிருச்சு. அங்கேயே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுருச்சு. அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க தலைமுறை வரைக்கும் பலபேர் இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள போனோம். வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடணும். தொட்டுட்டா ஒண்ணாப்பு. தொடலைன்னா, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". தலையைச் சாய்ச்சுத் திருட்டுத்தனமாத் தொடுற பயலுகளை வாத்தியார் தாடையைப் பிடிச்சு நிமிர்த்திட்டு மறுபடி தொடச் சொல்லுவார். இதுல என்னடா பெரிய விஞ்ஞானம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இருக்கு. பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான். வளர்ந்த ஆளுக்குத் தலை எட்டுல ஒரு பங்கு. அதாவது, தலை மெதுவா வளருது, கைகால் வேகமா நீளுது. ஆறு வயசை ஒட்டி கை தலையைத் தாண்டிக் காதைப் பிடிக்கிற அளவுக்கு வந்துருது. இது நம்ம ஊரு வாத்தியார் மட்டும் வச்சிருந்த வித்தையும் இல்ல. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு 'பிலிப்பைன்ஸ் சோதனை'ன்னே பேர் வச்சிருக்காங்க. ஐரோப்பாவிலயும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை தயாரான்னு பார்க்க இதைப் பயன்படுத்தியிருக்காங்க.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பட்டினியில வளர்ற பிள்ளைக்கு முதல்ல அடிபடுறது உயரமும் கைகால் நீளமும்தான். தலை அவ்வளவா அடிபடாது. அப்ப சாப்பாடு சரியா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயசு ஆனாலும் காது எட்டாது. வயசை அளக்குறோம்னு நினைச்சுக்கிட்டு வாத்தியார் அளந்தது அந்த வீட்டு அடுப்படியை. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சரி, ஏன் காதைப் பிடிச்சுப் பார்த்தாங்க? பிறந்த தேதி தெரியாது, அவ்வளவுதான். "வைகை வெள்ளம் வந்த வருஷம்", "மழையில்லாம மாட்டை வித்த வருஷம்", "பெரியவ பிறந்து ரெண்டு வருஷம் கழிச்சு". இதுதான் கிராமத்துல பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்பு பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்னு வந்ததே 1969லதான். அதனால தலைமை ஆசிரியரே ஒரு தேதியைப் போடுவார். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது, அன்னைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். அப்ப மே, ஜூன்ல ஒரு நாளைப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. எங்க அம்மாவுக்கு 05-06-1958. "அன்னைக்கு ரெஜிஸ்டர்ல அஞ்சு பிள்ளைகளுக்கு ஜூன் மாசம்தான்டா, வரிசையா தேதி மட்டும் மாத்திப் போட்டுக்கிட்டே வந்தாரு"ன்னு சிரிப்பாங்க. எங்க தெருவுல அந்த வயசுக்காரங்க பூராப்பேரும் ஜூன்ல பிறந்தவங்கதான். அந்தத் தேதியை வச்சுத்தான் வேலையில சேர்ந்தாங்க, ரிட்டயர் ஆனாங்க, பென்ஷன் வாங்குறாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க சர்டிபிகேட்டையும் ஒருவாட்டி எடுத்துப் பாருங்க, ஜூன்ல மாட்டாட்டி மே மாசத்துல மாட்டும் :-)

நிற்க.

இதுக்கு முன்னாடி, அதாவது ரெஜிஸ்டரே இல்லாத திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துல எப்படித் தயார் பண்ணினாங்க? இதுக்கு ஒரு அருமையான சாட்சி இருக்கு. 1822ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா கலெக்டருக்கும் ஒரு ஓலை அனுப்பினார். உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன படிக்கிறாங்க, எழுதி அனுப்புங்கன்னு. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தப்ப 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. மாகாணத்து ஜனத்தொகை அப்ப ஒண்ணேகால் கோடிக்கு மேல.

இந்த அறிக்கைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823ல எழுதினது. பெல்லாரிக்கும் அருப்புக்கோட்டைக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. அங்கயும் கரிசல், இங்கயும் கரிசல். அங்கயும் பருத்தி, நெசவு, வறட்சி. இங்கயும் அதேதான். அதனால அவர் எழுதினதைப் படிக்கிறப்ப எனக்கு எங்க ஊரைப் பத்திப் படிக்கிற மாதிரியே இருந்துச்சு.

காம்பெல் சொல்ற சங்கதி இது. பிள்ளைக்கு அஞ்சு வயசானா, வாத்தியாரையும் அந்தப் பள்ளிக்கூடத்துல ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளையும் வீட்டுக்குக் கூப்பிடுறாங்க. பிள்ளையார் முன்னாடி எல்லாரும் வட்டமா உக்காருறாங்க. புதுப் பிள்ளை பிள்ளையாருக்கு நேர் எதிர்ல. வாத்தியார் பக்கத்துல உக்காந்து, சாமி கும்பிட வச்சு, அப்புறம் பிள்ளையோட விரலைப் பிடிச்சு அரிசியில எழுத வைக்கிறார். மரியாதை வாங்கிக்கிட்டுக் கிளம்புறார்.

நாம இன்னைக்கும் விஜயதசமிக்கு அரிசியில எழுத வைக்கிறோம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் கவனிச்சது வேற. பிள்ளை பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் பிள்ளையோட வீட்டுக்கு வந்துட்டுப் போகுது பாருங்க! மறுநாள் அது போய் உக்காருறப்ப வாத்தியார் புது ஆள் இல்ல. நம்ம வீட்டுல பாயாசம் குடிச்ச ஆளு. பக்கத்துல உக்காந்திருக்கிற பயலுகளும் நேத்துப் பார்த்த முகம். தங்கச்சி பட்டியல்ல 17 யோசனை இருந்துச்சு, இது இல்ல.

ரொம்பப் புகழ்ந்துராதீங்க, அதுக்கு அடுத்த பக்கத்துல பிரம்பும் இருக்கு. காலையில ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம். முதல்ல வர்ற பிள்ளைக்கு உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்களாம். ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு சுழி, அதாவது பாராட்டும் இல்ல திட்டும் இல்ல. மூணாவது ஆளுக்கு லேசா ஒரு அடி, நாலாவது ஆளுக்கு ரெண்டு. அப்படியே ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணொண்ணாக் கூடிக்கிட்டே போகும். இருபதாவதாப் போன பயலோட உள்ளங்கையை நினைச்சுப் பாருங்க. அதுல யாராவது வராம ஒளிஞ்சுக்கிட்டா, பெரிய பயலுக நாலு பேரு போய் கைக்கு ஒருத்தன் காலுக்கு ஒருத்தனாக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டு வருவாங்க. இந்தத் தூக்கு ஊர்வலம் எங்க ஊர்ல என் சின்ன வயசு வரைக்கும் நடந்துச்சு. தூக்குன கோஷ்டியில நானும் உண்டு, ஒரு தடவை தூக்கப்பட்டதும் உண்டு :-(

காம்பெல் அதே கடிதத்துல இன்னொன்னும் சொல்றார். நான் இந்தப் பதிவு எழுதக் காரணமே அதுதான். கிட்டத்தட்ட பத்து லட்சம் ஜனம் இருக்கிற ஜில்லாவுல ஏழாயிரம் பிள்ளைகள்கூடப் பள்ளிக்கூடத்துல இல்ல, முன்ன இருந்த பள்ளிக்கூடங்களே பல கிராமத்துல மூடிக்கிடக்குன்னு சொல்றார். ஏன்? ஐரோப்பாத் துணி வந்து உள்ளூர் நெசவை அடிச்சுருச்சு, ஜனங்க ஏழையாயிட்டாங்க, பிள்ளையோட பிஞ்சுக் கைகால் எந்த வேலைக்காவது உதவும்னு ஆன அன்னைக்கே அதை வேலையில இழுத்துவிட வேண்டியதாயிருச்சு. இதை எழுதினது கும்பினி கலெக்டர், 1823ல.

எங்க வீடு தறி வீடு. குழித்தறி. அதனால இதைப் படிச்சப்ப எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

அவங்க கதைக்குப் போறதுக்கு முன்னாடி, இந்தப் பக்கத்து ஊர்க்காரங்க இதுக்கு என்ன செஞ்சாங்கன்னு ஒரு ரெண்டு வார்த்தை. விருதுநகர், சிவகாசி, சாத்தங்குடி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி. இந்த ஆறு ஊர்லயும் நாடார் வியாபாரிகளோட உறவின்முறை ரொம்பப் பலமா இருந்துச்சு. மகமைன்னு யாவாரத்துல ஒரு பங்கை ஊர்ப்பொதுவுக்கு எடுத்து வைப்பாங்க. 1880கள்ல விருதுநகர்ல க்ஷத்திரிய வித்யாசாலை ஆரம்பிச்சப்ப, வீட்டுக்கு வீடு 'பிடி அரிசி' எடுத்தாங்க. உலைக்கு அரிசி அளக்கிறப்ப ஒரு பிடியைத் தனியா எடுத்து ஒரு பானையில போட்டு வைக்கணும். அதைச் சேர்த்து வித்துப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. சம்பளம் கிடையாது. அந்தக் காலத்துல கோயிலுக்குள்ள விடமாட்டேன்னு அவங்களைத் தடுத்துக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல கமுதியில 1897ல கோயிலுக்குள்ள போனதுக்கு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1908ல அவங்களுக்கு எதிராத்தான் தீர்ப்பாச்சு. கோயில் கதவு அடைச்சிருந்த வருஷங்கள்லதான் பள்ளிக்கூடக் கதவைத் தாங்களே திறந்தாங்க. அந்த வித்யாசாலையில படிச்ச ஒரு பையன் அப்பா செத்துப்போனதால பாதியில நின்னு மாமா ஜவுளிக்கடைக்குப் போனான். 1903ல பிறந்த அந்தப் பையன் பேரு காமராஜ்.

பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல கொஞ்சம் வசதியுள்ளவங்க பாடு என்னன்னு பார்க்க, நம்ம திருச்சுழியையே எடுத்துக்கோங்க. 1879ல அங்க பிறந்த வேங்கடராமன், பின்னாடி ரமண மகரிஷி. அப்பா ஊர்ல வக்கீல் தொழில் பார்த்தவர். பையன் திருச்சுழியில ஆரம்பப் பள்ளிக்கூடம் முடிச்சதும் திண்டுக்கல், அப்புறம் அப்பா இறந்து மதுரையில சித்தப்பா வீடு. ஆரம்பப் படிப்புக்கு மேல வேணும்னா பிள்ளையை ஊரைவிட்டே அனுப்பணும். 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி அந்தப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினப்ப, அண்ணனோட காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு 2 ரூபாயைக் கடிதத்தோட வச்சுட்டுப் போனார்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அந்த 3 ரூபாயைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு அந்த 5 ரூபாய் சம்பளம்தான் கண்ணுல படுது. அன்னைக்கு 5 ரூபாய்னா ஒரு தறிக்காரன் கனவுல பார்க்கிற காசு.

இப்ப பெரியம்மா.

எங்க அம்மாவுக்கு மூத்தவங்க. 1950 வாக்குல பிறந்திருக்கணும். 1956ல காது எட்டியிருக்கு. தாத்தாவே கூட்டிட்டுப் போய்த் தொடச் சொல்லிப் பார்த்திருக்கார். தாராளமா எட்டியிருக்கு. வாத்தியார் பேரு எழுதப் பேனாவை எடுத்திருக்கார். பாட்டி வீட்டுல இருந்து ஆளனுப்பித் தடுத்துட்டாங்க. ஏன்னா வீட்டுல தறி ஓடுது. ராட்டையில தார் சுத்தணும். நெய்யிற ஆளுக்கு நாடாவுல போடத் தார் வந்துக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா தறி நின்னுரும். தார் சுத்துறது ஆறு வயசுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. கூடவே தொட்டில்ல ஒரு தம்பி. அவனை யாரு பார்க்கிறது? பெரியம்மா காது எட்டி என்ன புண்ணியம், கை எட்டுற இடத்துல ராட்டை இருந்துச்சே.

1953ல ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகம் வருதா? கிராமத்துப் பிள்ளைக பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் வீட்டுத் தொழில். குலக்கல்வின்னு எதிர்த்து, 1954ல காமராஜ் முதல்வரா வந்ததும் எடுத்துட்டாங்க. சாதித் தொழிலுக்குள்ளயே பிள்ளையைத் தள்ளுற திட்டம்னு எதிர்த்தவங்க சொன்னது சரிதான். நான் தறி வீட்டுல இருந்து இன்னொண்ணும் சொல்றேன். அந்தத் திட்டம் போட்டவங்க, பாதி நாள் வீட்டு வேலைக்கு விட்டா மீதி நாள் பிள்ளையை வீடு திருப்பிக் கொடுத்துரும்னு நம்பியிருக்காங்க. தறி அப்படிப் பாதிநாள் கணக்கெல்லாம் பார்க்காது சாமி.

அதுக்குப் பதிலா காமராஜ் செஞ்சது வேற கணக்கு. 1956ல மதிய உணவு. எங்களுக்குத் தெக்கால இருக்கிற எட்டயபுரத்துல ஆரம்பிச்ச சங்கதி. அரசாங்கம் ஒரு பங்கு, ஊர்க்காரங்க ஒரு பங்குன்னு போட்டு நடத்தினாங்க. அதாவது, பழைய பிடி அரிசியேதான், இப்ப கூட அரசாங்கமும் ஒரு பிடி போட்டுச்சு. இதுக்கும் முன்னோடி உண்டு. 1920ல நீதிக்கட்சிக்காரரான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியில, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம மதியச் சாப்பாடு போட்டார். செலவை வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்காததால அது நீடிக்கல.

மதிய உணவு என்ன செஞ்சுதுன்னா, வீட்டுக் கணக்கை மாத்துச்சு. பிள்ளை வீட்டுல இருந்தா தார் சுத்தும், ஆனா ஒரு வேளை சோறும் திங்கும். பள்ளிக்கூடம் போனா அந்தச் சோறு மிச்சம். எங்க அம்மாவை 1963ல சேர்க்கிறப்ப பாட்டி தடுக்கல. "ஒரு வயிறு மதியத்துக்கு வெளிய போகட்டும்"னு சொன்னாங்களாம். இதுதான் எங்க வீட்டுல பெண் கல்வி ஆரம்பிச்ச வாக்கியம் :-) அம்மா காலத்துல அமெரிக்காவோட கேர் நிறுவனம் அனுப்புன மாவுல உப்புமா, பால்பவுடர்ல பால். அந்தப் பால் வாடையை இன்னைக்கும் சொன்னா மூக்கைச் சுளிப்பாங்க. ஆனா அதுக்காகத்தான் போனோம்னும் சொல்லுவாங்க.

பெரியம்மாவும் போயிருக்காங்க, படிக்க இல்ல. மதியம் பெல் அடிக்கிற நேரத்துக்குத் தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டு வேலியோரமாப் போய் நிப்பாங்களாம். அம்மா வாங்குன உப்புமாவுல பாதி தம்பிக்கு. ஒரு நாள் அங்க இருந்த வாத்தியார் பார்த்துட்டு, பெரியம்மாவுக்கும் ஒரு தட்டு போடச் சொல்லியிருக்கார். "ரெஜிஸ்டர்ல பேர் இல்லாமலே ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல சாப்பிட்டேன்"னு பெரியம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க. பெருமையாச் சொல்றாங்களா வருத்தமாச் சொல்றாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

1977ல எங்க அருப்புக்கோட்டைத் தொகுதியில ஜெயிச்சுத்தான் எம்.ஜி.ஆர். முதல் தடவை முதல்வரானார். (எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் இதை ஒரு தடவை சொல்லாம விடமாட்டாங்க, நானும் சொல்லிட்டேன்.) 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில அவர் சத்துணவைத் தொடங்கினப்ப, ஒரு முக்கியமான மாற்றம், பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு மட்டும் இல்ல, பால்வாடிக் குழந்தைக்கும் சோறு. 1975லயே மத்திய அரசோட குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்துருந்துச்சு. இந்தப் பால்வாடி, அங்கன்வாடியைப் பத்தி எல்லாரும் சத்து, எடை, தடுப்பூசின்னு பேசுவாங்க. நான் பார்த்த வரைக்கும் அதோட பெரிய உபகாரம் அக்காக்களுக்கு. தம்பியை விட்டுட்டுப் போக ஒரு இடம் கிடைச்சுது. 1956ல எங்க தெருவுல ஒரு பால்வாடி இருந்திருந்தா பெரியம்மாவுக்கும் ஒரு ஜூன் மாசப் பிறந்தநாள் கிடைச்சிருக்கும்.

சோறு மட்டும் போட்டா எல்லாம் சரியாயிருச்சான்னா, இல்ல. இந்தப் பக்கத்துக் கதையை எழுதிட்டுத் தீப்பெட்டி ஆபீஸைச் சொல்லாமப் போனா அது அயோக்கியத்தனம். 1920கள்ல சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்துச்சு. மழை இல்லாத பூமியில நாலு காசு பார்க்க வழி பண்ணுச்சு, அதை மறுக்க முடியாது. ஆனா குச்சி அடுக்குறதுக்கும் பெட்டி ஒட்டுறதுக்கும் சின்ன விரல்தான் வேகம். 1983ல ஸ்மிது கோத்தாரி ஒரு கட்டுரை எழுதினார். தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ் பஸ்ஸுக சுத்துப்பட்டுக் கிராமங்களுக்கு விடியக்காலம் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவுல வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகும், ராத்திரிதான் திரும்பக் கொண்டாந்து விடும். அதுல மூணரை வயசுப் பிள்ளையும் உண்டு.

மூணரை வயசு. எங்க வீட்டுக் குட்டி எல்.கே.ஜி. போறப்ப அவளுக்கும் அதான் வயசு இருக்கும்.

அந்தப் பிள்ளைகளையும் அம்மாமார் தயார்பண்ணித்தான் அனுப்பியிருப்பாங்க. முந்தின ராத்திரியே சீக்கிரம் தூங்க வச்சு, தூக்குவாளியில கஞ்சி ஊத்தி, இருட்டுல முகம் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா கையில பிடிச்சுக் கொடுத்து, "அழாமப் போ". தங்கச்சியோட பட்டியல்ல இருக்கிற பாதி விஷயம் இதுலயும் இருக்கு. அதான் எனக்கு வயித்தைப் பிசையுது. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்ல வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அந்தப் பிள்ளையோட குடும்பத்துல பெரியவங்க ஒருத்தருக்கு வேலைக்கு வழி பண்ணணும், முடியலைன்னா அரசாங்கம் பிள்ளைக்கு 5,000 ரூபாய் போடணும்னு சொல்லுச்சு. தீர்ப்புல எனக்குப் பிடிச்சது அந்த 'பெரியவங்களுக்கு வேலை' சமாச்சாரம்தான். பாட்டியோட கணக்கு கடைசியில சுப்ரீம் கோர்ட்டுக்கும் புரிஞ்சிருக்கு.

இப்ப அதே ரோடுகள்ல விடிஞ்சதும் மஞ்ச வேன் வருது. ஸ்கூல் வேன். ஏழரை மணிக்கே வந்து ஹாரன் அடிக்கிறான், பிள்ளைக பாதி தோசையை வாயில வச்சுக்கிட்டே ஏறுதுக. அரசுப் பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாட்டையும் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில தொடங்கி, அடுத்த வருஷமே மாநிலம் பூராவும் விரிச்சாங்க. தனியார் வேன் பிள்ளைதான் இப்ப வெறும் வயித்தோட போகுது. வேடிக்கையா இல்ல?

சரி, யோசனை கேட்டு வந்தவங்களுக்கு வெறும் சரித்திரம் சொல்லி அனுப்புனா திட்டுவீங்க. பெரியம்மா தம்பி தங்கச்சி நாலு பேரையும், அப்புறம் எங்களையும் பள்ளிக்கூடத்துக்குத் தயார்பண்ணி அனுப்பினவங்க. தங்கச்சி அவங்களைக் கேட்டா. அவங்க சொன்னதுல ஞாபகம் இருக்கிறது இது.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே தினம் அந்த நேரத்துக்கு எழுப்பி, அந்த வழியில நடத்திக் கூட்டிட்டுப் போய் வாசலைக் காட்டிட்டுத் திரும்பிரணும். உள்ள போகக் கூடாது. ஒரு வாரம் வாசலைப் பார்த்தா பிள்ளையே உள்ள என்ன இருக்குன்னு கேக்கும். சேட்டை பண்றப்ப "இரு, டீச்சர்ட்ட சொல்லி அடிக்கச் சொல்றேன்"னு ஒரு நாளும் சொல்லக் கூடாது. காலையில திரவமா எதுவும் ரொம்பக் குடுக்காத, ஒண்ணுக்கு வந்து சொல்ல வெக்கப்பட்டு நனைச்சுரும், அதுக்கப்புறம் பள்ளிக்கூடமே வேணாம்னுரும். ராத்திரி ஊறவச்ச சோறு பிசைஞ்சு குடு, பசி தாங்கும். போறப்ப அழுதா கூட நின்னு சமாதானம் பண்ணாத, திரும்பிப் பார்க்காம வந்துரு. ஆனா கூப்பிடப் போறப்ப மட்டும் ஒரு நிமிஷம்கூடப் பிந்தக் கூடாது. பெல் அடிக்கிறப்ப நம்ம முகம் தெரியணும். சிலேட்டுல அது என்ன கிறுக்கிட்டு வந்தாலும் அன்னைக்கு ராத்திரி அழிக்கக் கூடாது. மறுநாள் காலையில அதையே கோவை இலையையும் கரியையும் எடுத்து அழிக்கச் சொல்லணும்.

"நீங்க ஸ்கூலுக்கே போகலையே பெரியம்மா, இதெல்லாம் எப்படித் தெரியும்?"னு தங்கச்சி கேட்டா.

"வேலிக்கு வெளிய நின்னவளுக்குத்தான்டி யார் யார் அழுறான்னு தெரியும்"ன்னாங்க.

மறுநாள் எல்.கே.ஜி. பாரத்தை எடுத்து வச்சு நானும் தங்கச்சியும் நிரப்பிக்கிட்டிருந்தோம். பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழ் எண், ஆஸ்பத்திரி பேரு, ஆதார். குட்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குப் பிறந்தான்னுகூட எங்ககிட்ட பேப்பர் இருக்கு. வயசுச் சான்றிதழ் இல்லேன்னு யாரையும் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது, அதனால இனி யாருக்கும் காதைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்ல. பெரியம்மாவோட ஆதார்ல 01-01-1950. வருஷம் மட்டும் தெரிஞ்சவங்க நிறையப் பேருக்கு இந்த ஜனவரி ஒண்ணுதான். அம்மாவுக்கு ஜூன், பெரியம்மாவுக்கு ஜனவரி. ரெண்டும் பொய்.

அம்மாவுக்கு மனசு கேக்கல. குட்டியைக் கூப்பிட்டு, "தலைக்கு மேல கையைக் கொண்டுபோய் இந்தக் காதைத் தொடு பார்ப்போம்"ன்னாங்க. மூணு வயசுல எங்க எட்டும்? விரல் உச்சியிலேயே நின்னுருச்சு. தலையைச் சாய்ச்சுப் பார்த்தா, அம்மா தாடையைப் பிடிச்சு நிமிர்த்திட்டாங்க. அதுக்கு ஒரே சிரிப்பு. விளையாட்டுன்னு நினைச்சு, வரிசையா எல்லாரையும் தொடச் சொல்ல ஆரம்பிச்சுருச்சு. நான் தொட்டேன். தங்கச்சி தொட்டா. அம்மா தொட்டாங்க. கடைசியாப் பெரியம்மாகிட்ட போச்சு.

ஐம்பது வருஷம் தறியில உக்காந்த தோள். கை காது உயரத்துக்கு மேல போகல. ரெண்டு தடவை தூக்கிப் பார்த்துட்டு இறக்கிட்டாங்க.

"எட்டலையே பெரிய அம்மாச்சி! அப்ப நீயும் அடுத்த வருஷம்தான்."

பெரியம்மா சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த வெத்தலை தெறிச்சு பாரத்துல விழுந்துருச்சு. சரியா பிறந்த தேதி கட்டத்துல. வேற பாரம் வாங்க இன்னொரு 100 ரூபாய்.

டிஸ்கி: பாரத்துக்கு 100 ரூபாய் வாங்குற பள்ளிக்கூடம் எதுன்னு கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க மக்களே, சொல்ல மாட்டேன். குட்டி அங்கதான் படிக்கணும் :-)